வீதியோரத்தில் கடை விரிக்க யார் அனுமதி தருகிறார்கள்? வன்னி வாசகருக்கான ஓர் எளிய விளக்கம்

ஏ9 வீதியால் வவுனியாவிலிருந்து பரந்தன் வரை பயணிக்கும் எவரும் வழிநெடுக வியாபாரத்தைக் காண்பார்கள். பருவத்துக்குப் பருவம் வத்தகைப்பழக் குவியலும், அவித்த சோளமும், சிறு பொதிகளில் கட்டிய பாலைப்பழமும் வீதியோரத்துக்கு வந்து சேர்கின்றன. திருமுறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் பஸ் நிற்கும்போது, தேங்காய் உடைத்துவிட்டு வருபவர்கள் மணலோடு வறுபடும் கச்சானின் மணத்தைக் கடந்து வெறுங்கையுடன் திரும்புவது அரிது. இந்த வியாபாரிகளுக்கு அங்கே நின்று விற்க அனுமதி கொடுத்தது யார், அனுமதி இல்லாவிட்டால் அவர்களை எழுப்பும் அதிகாரம் யாருக்கு உண்டு என்று கேட்டால், "பிரதேச சபை" என்ற ஒற்றைச் சொல்லே பெரும்பாலும் பதிலாக வரும். அந்தப் பதில் பாதிதான் சரி. வீதியோர வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பல கைகளில் பிரிந்து கிடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ளாததால்தான், முறையாகப் பணம் கட்டிய வியாபாரிகூட ஒருநாள் தன் வண்டிலைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவராகிறார்.

முதலில் உள்ளூராட்சி மன்றங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என மூன்று வகை மன்றங்கள் உள்ளன. மாநகர சபைகள் 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழும், நகர சபைகள் 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழும், பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் இயங்குகின்றன. வன்னியின் பெரும்பகுதி பிரதேச சபைகளின் ஆட்சிக்குள் வருகிறது. நகர சபையாக இருந்த வவுனியா மாநகர சபையாகத் தரமுயர்த்தப்பட்டு 2025 மே மாதத் தேர்தலைச் சந்தித்தது. மன்னார் நகர சபையாகத் தொடர்கிறது. கிளிநொச்சி நகரம் எவ்வளவு வளர்ந்திருந்தாலும் அதன் சந்தையையும் கடைத்தெருவையும் நிர்வகிப்பது கரைச்சிப் பிரதேச சபையே. உங்கள் ஊர் எந்தச் சபைக்குள் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வதே முதல் வேலை. ஏனெனில் ஒரு சபை தரும் அனுமதி அதன் எல்லையைத் தாண்டினால் செல்லாது.

அலைந்து விற்பவர்களுக்கு இந்த எல்லைப் பிரச்சினை அன்றாடம் உறைக்கும் ஒன்று. முல்லைத்தீவுக் கரையில் விடியற்காலையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முள்ளியவளையில் விற்கும்போது அவர் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபைக்குள் நிற்கிறார். ஒட்டுசுட்டானுக்கு வந்ததும் புதுக்குடியிருப்புப் பிரதேச சபைக்குள் வந்துவிடுகிறார். மிச்சத்தை விற்பதற்காக நெடுங்கேணி வரை போனால் அது வவுனியா வடக்குப் பிரதேச சபையின் ஆட்சி எல்லை. ஒரே பெட்டி மீன் ஒரே காலையில் மூன்று சபைகளையும் இரண்டு மாவட்டங்களையும் கடந்துவிடுகிறது. மூன்று சபைகளும் தனித்தனியே கட்டணம் கேட்டால் மீனில் மிஞ்சுவது என்ன என்பது அவருக்கும் அவருடைய வீட்டாருக்கும்தான் தெரியும். அயலிலுள்ள சபைகள் கூடிப் பேசி, ஒன்றின் பதிவை மற்றது ஏற்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்வது இத்தகையவர்களுக்குப் பெரும் உதவியாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இனி, சபைக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வருவோம். பிரதேச சபைச் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி நிர்வகிக்கும் பொறுப்பையும், மக்களின் வசதியையும் நலனையும் பேணும் கடமையையும் சபையிடம் ஒப்படைக்கிறது. இந்தப் பொதுவான பொறுப்பு நடைமுறைக்கு வரும் வழி உபவிதி எனப்படும். சந்தை எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், நடமாடும் வியாபாரி அனுமதிப்பத்திரம் பெற வேண்டுமா, எந்த வீதியில் கடை விரிக்கக்கூடாது, மீறினால் என்ன தண்டம் என்பன போன்றவற்றை உபவிதிகளே சொல்கின்றன. ஓர் உபவிதி சட்ட வலுப் பெறுவதற்குச் சபை அதைத் தீர்மானமாக நிறைவேற்றியிருக்க வேண்டும். உள்ளூராட்சிக்குப் பொறுப்பான மாகாண அமைச்சரின் அங்கீகாரம் கிடைத்திருக்க வேண்டும். வர்த்தமானியில் வெளிவந்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தின்படி உள்ளூராட்சி மாகாண சபைக்குரிய விடயமாகும். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் தேர்தல் நடக்காததால், மாகாண அமைச்சர் செய்ய வேண்டிய பல பணிகளை ஆளுநரே செய்து வருகிறார். எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து எழுதும் ஆற்றல் சிறிய சபைகளுக்கு இருக்காது என்பதால், ஆயத்தமாக உள்ள மாதிரி உபவிதிகளை அப்படியே ஏற்றுக்கொள்ளும் வழியும் 1952 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது.

இதன் நடைமுறைப் பொருளை ஒவ்வொரு வியாபாரியும் அறிந்திருக்க வேண்டும். சபையின் ஊழியர் ஒருவர் வந்து "நாளை முதல் இங்கே நிற்கக்கூடாது" என்று வாயால் சொல்வது மட்டும் சட்டமாகிவிடாது. எந்த உபவிதியின் கீழ் அவர் அப்படிச் சொல்கிறார் என்று மரியாதையாகக் கேட்கும் உரிமை வியாபாரிக்கு உண்டு. அந்த உபவிதியின் பிரதியை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கோரலாம். சபையின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும். வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்பதால், சபையின் அறிவித்தலைத் தமிழில் எதிர்பார்ப்பதும் நம் உரிமையே.

உபவிதியைவிடப் பெரிய சிக்கல் நிலத்தில் இருக்கிறது. வீதியோர வியாபாரத்தில் எழும் தகராறுகளில் மிகப் பல இங்கிருந்தே தொடங்குவதால், இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். எல்லா வீதியும் சபைக்குச் சொந்தமானதல்ல. ஏ, பி என வகுக்கப்பட்டுள்ள பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. வன்னியில் ஏ9 மட்டுமன்றி, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34, பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35, மன்னாரிலிருந்து பூநகரி ஊடாக நாவற்குழிக்குப் போகும் ஏ32, மதவாச்சியிலிருந்து மன்னார் வழியாகத் தலைமன்னாருக்குப் போகும் ஏ14 ஆகியனவும் இந்த வகையில் அடங்கும். சி, டி வகுப்பு வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. அவற்றுக்குக் கீழுள்ள ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும்தான் பெரும்பாலும் சபையின் கையில் இருக்கின்றன.

பிரதான வீதி என்பது தார் போட்ட பகுதி மட்டுமல்ல. அதன் இருபுறமும் வீதிக்கென ஒதுக்கப்பட்ட நிலமும் அதில் சேரும். 2008 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கத் தேசிய பெருந்தெருக்கள் சட்டம் அந்த ஒதுக்கீட்டுக்குள் தடைகளையும் அனுமதியற்ற கட்டுமானங்களையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே ஏ9 ஓரத்தில் தகரக் கொட்டில் போடும் ஒருவருக்குச் சபை வியாபார அனுமதி கொடுத்திருந்தாலும், கொட்டில் நிற்கும் நிலத்துக்கான அனுமதியை அந்தப் பத்திரம் தந்துவிடுவதில்லை. வியாபாரத்துக்கான அனுமதி வேறு, நிலத்துக்கான அனுமதி வேறு. சபைக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம், பற்றுச்சீட்டும் வைத்திருக்கிறோம், ஆகையால் இந்த இடம் எமது என்று நம்பியிருந்தவர்கள் வீதி அகலிப்பு வந்தபோது திகைத்து நின்றதற்கு இந்த வேறுபாடு சொல்லப்படாததே காரணம். பணத்தை வாங்கும்போதே அதைச் சொல்லிவிடுவது சபையின் கடமை என்று நான் நினைக்கிறேன். பற்றுச்சீட்டின் அடியில் "இது நிலத்துக்கான உரிமையைத் தராது" என்று ஒரு வரி அச்சிடுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

வீதி ஒதுக்கீட்டுக்கு அப்பால் கோவில் காணி, தனியார் காணி, வனத் திணைக்களக் காணி, ரயில்வே காணி எனப் பலவகை நிலங்கள் உள்ளன. தனியார் காணியின் முன்பகுதியில் உரிமையாளரின் சம்மதத்துடன் கடை வைத்தால் வீதிப் பிரச்சினை குறையும். ஆனால் நிரந்தரமான கட்டடம் எழுப்பினால் சபையின் கட்டட அனுமதி தேவைப்படும். நான்கு கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்த பந்தலையும் சீமெந்துத் தரையுடன் எழும் பெட்டிக்கடையையும் சட்டம் ஒரே விதமாகப் பார்ப்பதில்லை.

உணவுப் பொருள் விற்பவர்களுக்கு மேலும் ஒரு படி இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் தன் எல்லைக்குள் உணவுக் கட்டுப்பாட்டைச் செயற்படுத்தும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றத்துக்கு உண்டு. களத்தில் அதைச் செய்பவர்கள் சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஆவர். நம்மவர்கள் பி.எச்.ஐ. என்று அழைக்கும் இந்தப் பரிசோதகர் வண்டிலைப் பார்வையிடலாம், மாதிரி எடுக்கலாம், உண்ணத்தகாததைக் கைப்பற்றலாம், நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யலாம். அவர் பார்ப்பவை பெரும்பாலும் எளிய விடயங்களே: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பொரித்த எண்ணெய் திரும்பத் திரும்பப் பாவிக்கப்படுகிறதா, வடை மூடியிருக்கிறதா, பணத்தை வாங்கிய கையாலேயே உணவை எடுத்துக் கொடுக்கிறார்களா, கழிவு எங்கே போகிறது. மே, ஜூன் மாதங்களின் வறண்ட காற்றில் வன்னியின் தூசு எப்படிக் கிளம்பும் என்பதை அறிந்தவர்களுக்கு, உணவை மூடி வைக்கும்படி அவர் வற்புறுத்துவதன் நியாயம் உடனே விளங்கும். குழாய்நீர் எட்டாத சந்தியில் நிற்கும் வண்டில்காரர் இரண்டு வாளித் தண்ணீரில் காலை முதல் இரவு வரை பாத்திரம் கழுவ நேர்கிறது என்றால், அவர்மீது வழக்குப் போடுவதோடு அந்தச் சந்தியில் ஒரு தண்ணீர்க் குழாயை வைப்பதையும் சபை தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிறுத்து விற்பவர்கள் தராசை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை இடுவித்திருக்க வேண்டும். இது சபையின் வேலையன்று. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது.

திருவிழாக் காலத்துத் தற்காலிகக் கடைகள் வேறொரு முறையில் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல், ஓகஸ்டில் மடு மாதா திருவிழா, சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் என மக்கள் பெருந்திரளாகக் கூடும் இடங்களில் கச்சான் கடையும் வளையல் கடையும் ஐஸ்கிரீம் வாகனமும் இல்லாமல் விழா நிறைவடைந்ததாக யாரும் எண்ணுவதில்லை. இத்தகைய இடங்களில் நிலத்தைத் துண்டுகளாக அளந்து, இலக்கமிட்டு, சில நாட்களுக்குக் கட்டணத்துக்கு விடுவது பொதுவான வழி. ஏலத்தில் விடுவதும் உண்டு, கேள்விப்பத்திரம் கோருவதும் உண்டு. ஏலம் சபைக்கு நல்ல வருமானத்தைத் தரும் என்பது உண்மைதான். ஆனால் கையில் பணமுள்ள ஒருவர் பல துண்டுகளை மொத்தமாக எடுத்து, சின்ன வியாபாரிகளுக்குக் கூடிய விலைக்கு மறுபடி வாடகைக்கு விடுவதற்கு அது வாசலைத் திறந்துவிடுகிறது. கச்சான் விற்கும் ஒரு தாய் அந்த இடைத்தரகருக்குக் கொடுக்கும் மிகைப் பணம் சபைக்கும் சேருவதில்லை, அவருடைய பிள்ளைகளுக்கும் சேருவதில்லை. ஒருவருக்கு ஒரு துண்டு என்ற வரம்பையும், எடுத்தவரே நின்று விற்க வேண்டும் என்ற நிபந்தனையையும், ஒரு பகுதியை நிலையான கட்டணத்தில் உள்ளூர்ப் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்குவதையும் சபை தன் அறிவித்தலிலேயே எழுதிவிட்டால் இந்தக் கேடு பெருமளவு குறையும். போரில் துணையை இழந்து தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இவ்வளவு பேர் வாழும் மண்ணில், அப்படியோர் ஒதுக்கீட்டுக்குத் தனியே நியாயம் சொல்ல வேண்டியதில்லை.

சந்தைக் குத்தகையிலும் இதே கவனம் தேவை. பல சபைகள் சந்தையில் கட்டணம் அறவிடும் உரிமையை ஓராண்டுக்கு ஒருவரிடம் குத்தகைக்குக் கொடுத்துவிடுகின்றன. குத்தகைக்காரர் அறவிடக்கூடிய தொகையைத் தீர்மானிப்பது சபையேயன்றி அவரல்லர். ஒரு கூடை மரக்கறிக்கு எவ்வளவு, நிலத்தில் சாக்கு விரித்து விற்பதற்கு எவ்வளவு, வாகனத்துக்கு எவ்வளவு என்ற பட்டியலைச் சந்தை வாசலில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவைக்கச் செய்வதும், பணம் வாங்கும் ஒவ்வொரு முறையும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டைக் கொடுக்கச் செய்வதும் சபையின் பொறுப்பு. பற்றுச்சீட்டு இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள் என்பதே புதிதாக வியாபாரத்துக்கு வரும் எவருக்கும் நான் முதலில் சொல்வது. அந்தச் சிறு கடதாசித் துண்டுதான் நாளைக்கு ஒரு முறைப்பாடு எழுதும்போது கையில் இருக்கும் ஒரே சான்று.

வெளிமாவட்டங்களிலிருந்து வாகனங்களில் வந்து வீதியோரத்தில் விற்பவர்கள் பற்றிய கேள்வி வன்னியில் அடிக்கடி எழுகிறது. பண்டிகைக் காலத்தில் துணி, பிளாஸ்டிக் பொருள், பாத்திரம் ஆகியவற்றுடன் வருபவர்கள் கடை வாடகையோ ஆண்டு வரியோ கட்டாமல் மலிவாக விற்றுவிட்டுப் போகிறார்கள் என்று உள்ளூர்க் கடைக்காரர்கள் வருந்துவதில் நியாயம் இருக்கிறது. மீள்குடியேறியபின் கடன்பட்டுக் கடை எழுப்பியவர்களுக்குத் தீபாவளி, தைப்பொங்கல் வாரங்கள்தான் ஆண்டின் அறுவடை. ஆயினும் ஒருவர் எந்த ஊரவர் என்பதை மட்டும் காரணமாக வைத்து ஒரு சபை அவரைத் தடுக்க முடியாது. அரசியலமைப்பின் 14(1)(எ), 14(1)(ஏ) உறுப்புரைகளில், சட்டபூர்வமான எந்தத் தொழிலிலும் வியாபாரத்திலும் ஈடுபடும் சுதந்திரமும் நாட்டுக்குள் எங்கும் சென்றுவரும் சுதந்திரமும் ஒவ்வொரு குடிமகனுக்கும் தரப்பட்டுள்ளன. 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. இந்தப் பாதுகாப்பின் பலத்தில்தான் நம் ஊர்க் கருவாட்டையும் பனம்பண்டத்தையும் நாம் தெற்கில் விற்கிறோம். சபை செய்யக்கூடியது வேறு: வெளியிலிருந்து வருபவருக்கும் உள்ளூரவருக்கும் ஒரே அனுமதி நடைமுறை, ஒரே நேர வரம்பு, ஒதுக்கிய இடம், நாள் கட்டணம் ஆகியவற்றை உபவிதியாக்கி எல்லோருக்கும் ஒரே கண்டிப்புடன் செயற்படுத்தலாம். அப்படிச் செய்தால் கடைக்காரரின் முறைப்பாட்டில் உள்ள நியாயமான பகுதி தீர்ந்துவிடும்.

அகற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். நடைபாதையில் கடைகள் நெருங்கிவிட்டால் பாடசாலைப் பிள்ளைகள் தார் வீதியில் இறங்கி நடக்கிறார்கள்; ஏ9 இல் வாகனங்கள் ஓடும் வேகத்தை அறிந்தவர்கள் இதை அலட்சியம் செய்ய மாட்டார்கள். ஆகவே அகற்றும் அதிகாரம் தேவையானதே. பொதுத் தொல்லை என்று கருதப்படும் தடையை அகற்றும்படி 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின் கீழ் நீதவான் நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம். அக்கட்டளை கிடைத்தவர் நீதிமன்றத்தில் தோன்றித் தன் காரணத்தைக் கூறலாம். அதிகாலையில் வந்து பொருட்களை அள்ளிச் செல்வதைவிட இது நீண்ட வழிதான், ஆனால் மறுதரப்பின் சொல்லுக்கு இடம் தரும் வழி. பொருள் கைப்பற்றப்பட்டால் எவை கைப்பற்றப்பட்டன என்ற பட்டியலைக் கையொப்பத்துடன் கேட்டு வாங்குங்கள். எந்த வழியில் அகற்றினாலும், மாற்று இடம் காட்டப்படாவிட்டால் அடுத்த வாரமே வண்டில்கள் திரும்பி வந்துவிடும். காட்டப்படும் மாற்று இடம் சனம் நடமாடும் இடமாகவும் இருக்க வேண்டும். பஸ் நிற்காத, நிழலில்லாத வெளியில் அழகாகக் கட்டிய கடைத்தொகுதியை எந்த வியாபாரியும் விரும்பிப் போகமாட்டார்.

அநீதி நடந்ததாகக் கருதுபவர் முதலில் தவிசாளருக்கும் செயலாளருக்கும் எழுத்தில் முறையிட்டு, பிரதி ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை இடுவித்துக்கொள்ள வேண்டும். அதற்குமேல் ஒவ்வொரு மாவட்டத்திலும் உதவி உள்ளூராட்சி ஆணையாளர் இருக்கிறார். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் உள்ளது. அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போவதாயின், மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதால் காலத்தைக் கடத்தக்கூடாது.

இந்தியாவில் 2014 இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், விற்பனை இடங்களைத் தீர்மானிக்கும் நகர விற்பனைக் குழுக்களில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 வீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றும், அவர்களில் மூன்றிலொரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் விதித்தது. நம் நாட்டில் விதிகள் மேலே கண்டபடி பல சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஆனாலும் அப்படியொரு குழுவை ஆலோசனைக்காக அமைத்துக்கொள்ள எந்தச் சபையும் கொழும்பின் கட்டளைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து, ஈராண்டுக்கு மேலாகச் செயலாளர்களின் கையில் இருந்த சபைகளுக்கு இப்போது மீண்டும் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். சந்தைக் கட்டணம், இட ஒதுக்கீடு, சந்திக்கான தண்ணீர்க் குழாய் என எதுவாயினும் அடுத்த ஆண்டுக்குரிய வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும். அத்திட்டம் ஆண்டின் கடைசி மாதங்களில் சபையில் முன்வைக்கப்படுகிறது. ஆகவே ஒரு சந்தியில் நிற்கும் வியாபாரிகள் கூடிப் பேசி, தங்கள் பெயர்ப் பட்டியலையும் தாங்கள் கேட்கும் இடத்தின் வரைபடத்தையும் இணைத்து, செப்டெம்பர் மாதத்துக்குள் தங்கள் வட்டார உறுப்பினரிடம் கையளிப்பது நல்லது.